கறிவேப்பிலைக்கு ஊற்றிய தண்ணீர்

வாளியில் தண்ணீர் இருந்தது.

கொல்லைச் சுவரில் ஏசியின் பைப் வந்து முடிகிற இடத்துக்குக் கீழே எப்போதும் கிடக்கிற பழைய பெயின்ட் வாளி. சித்திரை வெயிலில் அதன் விளிம்பைத் தொட முடியவில்லை. குந்தவை துப்பட்டா நுனியால் பிடித்துச் சாய்த்துப் பார்த்தாள். கால் வாளிக்கு மேல் இருந்தது. விரலை விட்டாள். காலையிலிருந்து வெயிலில் நிற்கும் தண்ணீர் சுட்டிருக்க வேண்டும். இது விரல் எலும்புவரை சில்லிட்டது. மேலே பைப் முனையில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, கனம் தாங்காமல் விழுந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.

அந்த ஏசி கார்த்திகையிலிருந்து ஓடவில்லை. அவளுடைய மாமியார் வள்ளியம்மை இறந்துபோன அறை அது. காரியம் முடிந்த கையோடு நாத்தனார் அனுராதா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏசிக்கான மெயின் சுவிட்சையும் அப்போதே இறக்கிவிட்டார்கள். குந்தவை ஹாலுக்குப் போய்ப் பார்த்தாள். இறக்கித்தான் இருந்தது. திரும்பக் கொல்லைக்கு வந்தாள். சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"என்னத்த பார்த்துக்கிட்டு நிக்கிற?" அனுராதா துணி காயப்போட வந்தாள். தம்பி மஸ்கட்டிலிருந்து வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி இங்கேயே தங்கிவிட்டவள்.

"ஏசி ஓடல, அண்ணி."

"ஓடலன்னா?"

"தண்ணி வரக்கூடாது."

"வந்துருக்குல்ல. கறிவேப்பிலைக்கு ஊத்து. பி.எஸ்ஸி. படிச்சவளுக்கு வாளியில தண்ணி இருந்தாக்கூட பாடம்தான்."

குந்தவை ஊற்றினாள். வெடித்த மண் சத்தம் போட்டுக் குடித்தது. சுவரோரத்து வாழை வாடிக்கிடந்தது. பின்னால் வாய்க்காலில் சருகு மட்டும் இருந்தது. மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. கறிவேப்பிலை மட்டும் கருகருவென்று நின்றது. கார்த்திகைக்குப் பிறகுதான் அது இப்படிச் செழித்தது என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

கார்த்திகையில் அன்று விடாத மழை. குடமுருட்டியில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. வலங்கைமானுக்குப் போகிற சாலை மூழ்கிக் கிடந்தது. சோமவாரம். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. காலையில் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டாள். விரதம் என்று சோற்றைத் தொடவில்லை. மதியம் குந்தவை போய்ப் பார்த்தபோது வியர்த்து நனைந்து கிடந்தாள். கூப்பிட்டதற்கு அசைவில்லை. கை ஐஸ் மாதிரி இருந்தது.

"சர்க்கரை இறங்கியிருக்கும். நாக்குல சீனி வைக்கலாம்," என்று குந்தவை சொன்னாள். அவள் குரல் எப்போதும் வாயைத் தாண்டி அதிக தூரம் போகாது. அதற்குள் அறையில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள்.

அடுத்த வீட்டிலிருந்து மாமனாரின் தம்பி ரெத்தினம் வந்தார். ஊரில் பலருக்கு நாடி பார்த்துச் சொன்னவர். மூக்கின் கீழ் விரலை வைத்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்துவிட்டது என்றார். டாக்டர் வருவதற்கு ரோட்டில் தண்ணீர் வடிய வேண்டும். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அத்தையின் மகன், குந்தவையின் கணவன் ராஜராஜன் போனில் அழுதான். மஸ்கட்டில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. அம்மாவின் அறைக்கும் அவனே லீவில் வந்து மாட்டிக் கொடுத்திருந்தான்.

"ஐஸ் பெட்டி சொல்லிட்டீங்களா சித்தப்பா?"

"பெட்டி வேற சாவுக்குப் போயிருக்குப்பா. இருந்தாலும் வண்டி எங்க வர்றது."

அழுகை நின்றது. தெரிந்த வேலையைச் சொல்லும்போது வருகிற குரல் வந்தது. "அப்ப நான் சொல்றத கேளுங்க. ஏசிய பதினாறுல வைங்க. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டுங்க. கதவுக்குக் கீழ ஈரத்துணிய அடைங்க. அதுக்கப்புறம் யாரும் தொறக்கக் கூடாது. தொறந்தா கூலிங் போயிடும். நான் வந்துதான் தொறக்கணும்."

அப்படியே செய்தார்கள். தாடையைச் சுற்றித் துணி கட்டினார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நெற்றியில் சந்தனம் குழைத்து ஒரு ரூபாய்க் காசை ஒட்டினார்கள். கதவை மூடினார்கள். பெண்கள் மூடிய கதவைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள்.

குந்தவைக்குக் கொல்லையில் வேலை இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் அந்த வாளியைப் பார்த்தாள். அவள் படித்தது பௌதிகம். ஏசிக்குத் தண்ணீர் வானத்திலிருந்து வருவதில்லை. அறைக் காற்றில் இருக்கிற ஈரம்தான் உள்ளே படிந்து சொட்டுகிறது. அறையை அடைத்துவிட்டால் இருக்கிற ஈரம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். சொட்டு மெலிந்து நிற்கும். உள்ளே ஆள் இருந்தால் நிற்காது. மூச்சில் ஈரம் இருக்கிறது.

சொட்டு மெலியவில்லை.

இருட்டிய பிறகும் மெலியவில்லை. அவள் அனுராதாவிடம் போனாள். "அண்ணி, அத்தைக்கு மூச்சு இருக்குமோன்னு..." அனுராதா அழுத முகத்தோடு அவளை ஒரு பார்வை பார்த்தாள். ரெத்தினத்திடம் போனாள். மழைக்காலம், சுவரெல்லாம் ஊறிக் கிடக்கிறது, போய்ப் படு என்றார். கதவு முன்னால் அத்தனை பெண்கள். குந்தவை திரும்பி வந்து வாளியருகே உட்கார்ந்தாள். ஒரு சொட்டு. இடைவெளி. ஒரு சொட்டு. தூங்குகிறவள் மூச்சுவிடுவது போலவே இருந்தது. விடிகிற நேரத்தில் இடைவெளி நீண்டது. பிறகு இன்னும் நீண்டது. சேவல் கூவியபோது நின்றிருந்தது.

ராஜராஜன் வந்து கதவைத் திறந்தபோது எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். குந்தவை தரையைப் பார்த்தாள். நெற்றிக் காசு கதவோரம், ஈரத்துணிக்குப் பக்கத்தில் கிடந்தது. தூக்கும்போது விழுந்திருக்கும் என்றார் ரெத்தினம். ஆனால் உடலை இன்னும் யாரும் தூக்கியிருக்கவில்லை. அனுராதா அதை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

இத்தனையும் அவள் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. சொன்ன கொஞ்சமும் யார் காதிலும் ஏறவில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் வாளியில் தண்ணீர் இருந்தது.

அனுராதா போனில் தம்பியிடம் சொன்னாள். அவன் வலங்கைமானில் தனக்குத் தெரிந்த சைபுல்லாவை அனுப்பினான். சைபுல்லா பைக்கிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"மஸ்கட்டுக்கே ஏசி மாட்டுறவரு வீட்டுக்கு நான் வந்து பாக்குறேன். ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு நம்ம முடி வெட்டிவிடுற மாதிரி. சாவி குடுங்கக்கா. அப்படியே ஒரு மோரு."

"முதல்ல வேலைய பாரு. மோரு எங்கயும் ஓடிடாது," என்றாள் அனுராதா.

பூட்டு இறுகிக் கிடந்தது. அனுராதா மோர் கலக்க உள்ளே போனாள். கதவு திறந்ததும் குந்தவை வாசல்படியிலேயே நின்றாள். வெளியே அனல். அறையிலிருந்து பாதத்தின் மேல் ஒரு குளிர் ஊர்ந்து வந்தது. கட்டில் மட்டும், மேலே சுருட்டி வைத்த மெத்தை. ஜன்னல் இடுக்கில் பழுப்பேறிய டேப். கட்டையில் அந்தக் காசு.

சைபுல்லா ஸ்டூலில் ஏறி முன்மூடியைக் கழற்றினான். டார்ச் அடித்தான். தட்டில் தண்ணீர் தளும்பியது. உள்ளே தகடுகளில் முத்து முத்தாக ஈரம். கையை வைத்துப் பார்த்தான். வயரை இழுத்துப் பார்த்தான். கரண்டு இல்லை.

டார்ச்சை அணைத்துவிட்டுத் திரும்பினான்.

"யாரு இதுல படுக்குறது?"

"யாருமில்ல. பூட்டியே கெடக்கு."

"இல்ல... பூட்டுன ரூம் ஒரு வாடை அடிக்கும். ஆள் படுத்த ரூம் வேற வாடை அடிக்கும். மூக்குக்குப் பழகிடும் எங்களுக்கு." அவன் தகட்டின் அருகே முகத்தைக் கொண்டுபோனான். "தலைக்குத் தடவுற எண்ணெய். செம்பருத்தி."

குந்தவையின் கை தானாகவே பின்னலுக்குப் போனது. அத்தை தடவியது தேங்காய் எண்ணெய். செம்பருத்தி எண்ணெய் இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் தடவுகிறாள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் அந்த அறையில் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை.

சைபுல்லா இறங்கினான். பழசு, இதில் கை வைத்துப் புண்ணியமில்லை, புதுசு மாற்றிவிடச் சொல்லுங்கள் என்றான். மோர் குடிக்காமலே போனான்.

சாயங்காலம் ராஜராஜன் வீடியோ காலில் வந்தான். பின்னால் யாரோ வெங்காயம் நறுக்குகிற சத்தம். புது ஏசிக்குச் சொல்லிவிட்டதாகவும், நாளை சைபுல்லா மாட்டுவான் என்றும் சொன்னான்.

"மாட்டினதும் நீ அங்கயே படு. அக்னி நட்சத்திரம் வரப்போகுது. ஹால்ல வெந்துக்கிட்டு கெடக்காத."

"நான் ஹால்லயே படுத்துக்குறேங்க."

"ஏன்?"

அவள் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தாள். வாளி, ஈரம், மூச்சு, காசு. ஒரு பரீட்சை விடைபோல் வரிசையாக, நடுக்கமில்லாமல் சொல்லி முடித்தாள். திரையில் அவன் முகம் அசையவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தாள். வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்," என்றான். "பதினாறுல வைக்கச் சொன்னது நான். டேப் ஒட்டச் சொன்னது நான். அப்ப நீ சொல்றதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"இன்னொரு தடவ இத யார்கிட்டயாவது சொல்லு, பாக்குறேன். நாளைக்கு நீ அந்த ரூம்ல படுக்குற. அக்கா எனக்கு போட்டோ அனுப்பணும்."

திரை இருண்டது. அதில் தன் முகம் தெரிந்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. அதை அவள் அவனிடமும் சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மயக்கம் வரும். வந்தால் சாதாரணமாக வராது. கை கால் சில்லிட்டு, நாடி அடங்கி, உதடு வெளுத்துக் கட்டைபோல் கிடப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பி.டி. டீச்சர் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதிருக்கிறார். அம்மாதான் மயிலாடுதுறை வீட்டிலிருந்து ஆட்டோவில் ஓடிவந்து, எவர்சில்வர் டம்ளரை மூக்கருகே பிடித்து, அதில் ஆவி படிவதைக் காட்டினாள். வீட்டில் அப்புறம் அது ஒரு சிரிப்புக் கதையானது. டம்ளர் எங்கே என்று அப்பா கேலி செய்வார். பெண் பார்க்க வந்தபோது மட்டும் அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "இத இவங்ககிட்ட சொல்ல வேணாம். வியாதிக்காரின்னு ஒதுக்கிடுவாங்க. அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம்."

அப்புறம் என்பது இன்னும் வரவில்லை.

மறுநாள் காலையில் சைபுல்லா ஏசிப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். இந்தமுறை கேலி இல்லை. பழையதைக் கழற்றினான். செம்புக் குழாயை அறுத்தபோது உள்ளேயிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது, அடக்கி வைத்திருந்ததை விடுவதுபோல். கேஸ்தான் என்றான், யாரும் கேட்காமலே. பழைய பெட்டியைத் தூக்கி வந்து கொல்லையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு வந்து எடுத்துப்போவதாகச் சொன்னான். அதே ஓட்டையில் புதுப் பைப் நுழைந்தது. அதே வாளி கீழே.

புது ஏசி சத்தமே போடவில்லை. அனுராதா அறையைக் கழுவி, சாம்பிராணி காட்டி, மெத்தையை விரித்து, புதுப் போர்வை போட்டாள். ரெத்தினம் வந்து சற்று நேரம் அதன் கீழே நின்று சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டார்.

"எங்க அண்ணி இருந்து அனுபவிக்கல," என்றார். "குந்தவை, குடுத்து வெச்சவம்மா நீ."

"படு," என்றாள் அனுராதா, போனை நீட்டிப் பிடித்தபடி.

குந்தவை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போட்டோ எடுத்தாயிற்று. நேற்றிரவிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. "துணி எடுத்துட்டு வந்துடுறேன் அண்ணி," என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைக்கு வந்தாள்.

மதியத்துக்கே உரிய அமைதி. காக்கைகூட இல்லை. உளுந்து பறித்த வயல் வெறும் தரையாய்ப் பளபளத்தது. காய்ந்த வாய்க்காலிலிருந்து மண் வேகும் வாசனை வந்தது. கொடியில் துணி அசையாமல் தொங்கியது. வெயில் உச்சந்தலையில் ஒரு கைபோல அழுத்தியது. அவளுக்கு அது இதமாக இருந்தது. அங்கேயே நிற்கலாம் என்று நினைத்தாள். சாயங்காலம்வரை. நாளைவரை.

டப்.

அவள் வாளியைப் பார்த்தாள். புதுப் பைப்பிலிருந்து சொட்டவில்லை. இன்னும் ஈரம் சேரவில்லை.

டப்.

கறிவேப்பிலைப் பக்கம்.

பழைய பெட்டி தரையில் மல்லாந்து கிடந்தது. சுவரில் இல்லை. வயரில்லை. குழாயில்லை. அறுத்துவிட்ட டிரெயின் பைப்பின் துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. வெடித்த மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டம் பெரிதாகிக்கொண்டிருந்தது.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அத்தையை மறுபடி தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று தோன்றியது. அன்று கதவு முன்னாலிருந்து திரும்பி வந்ததுபோல் எழுந்து போகக் கூடாது. "அத்தை," என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

சொட்டு. இடைவெளி. சொட்டு.

இன்று வேகமாக விழுந்தது. பயந்தவர்கள் மூச்சுவிடுவதுபோல. அவள் மூச்சும் அப்படித்தான் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தன. அவள் மூச்சை வெளியே விடும்போது விழுந்தது. இழுக்கும்போது திரண்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சொட்டு பைப் முனையில் நின்றது. வெயிலில் மின்னிக்கொண்டு, நீளாமல், விழாமல் நின்றது. காது அடைத்தது. கண்ணுக்குள் புள்ளிகள் பறந்தன. அது அப்படியே நின்றது.

விட்டாள்.

விழுந்தது.

செம்பருத்தி எண்ணெய் வாடை அடித்தது. அவள் தலையிலிருந்து அல்ல. பெட்டிக்குள்ளிருந்து.

இது அத்தை இல்லை. இத்தனை நாளும் அத்தை இல்லை.

எழுந்திருக்க முயன்றாள். வயல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பழக்கமான அந்தக் குளிர் விரல் நுனிகளில் தொடங்கியது. அம்மா, என்று நினைத்தாள். டம்ளர். சொல்லியிருக்கலாம். யாரிடமாவது. அண்ணியிடம் இப்போதே. வாயைத் திறந்தாள். மண் கன்னத்தில் சுட்டது. பிறகு அந்தச் சூடும் இல்லை.

குளிர்.

முதலில் வந்தது அதுதான். பிறகு சத்தம். தூரத்திலிருந்து, தண்ணீருக்கு மேலேயிருந்து பேசுவதுபோல.

"...காலையிலதான் சித்தப்பா போட்டோ எடுத்தேன். இந்தா, இங்கதான் உக்காந்திருந்தா. துணி எடுக்கப் போறேன்னா."

"வெயிலு. வெயிலு அடிச்சுடுச்சு. பேப்பர்ல தெனம் போடுறான்."

"ஆம்புலன்ஸ் கூப்புட்டிருக்கலாமோ?"

"கூப்புட்டு? கையத் தொட்டுப் பாரு. ஐஸு. நான் பார்க்காததா. அனுப்புனா அறுத்துத் தைச்சுதான் குடுப்பான். ராஜன் வந்து அந்தக் கோலத்துலயா பார்க்கணும்?"

குந்தவை கண்ணைத் திறக்க முயன்றாள். கண் கேட்கவில்லை. விரலை அசைக்கப் பார்த்தாள். எப்போதும் இப்படித்தான், கொஞ்ச நேரம் எடுக்கும், கேட்கும் ஆனால் வராது, பிறகு வந்துவிடும். அம்மாவுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கொடுத்தால் போதும். கொஞ்ச நேரம்.

தாடையைச் சுற்றித் துணி. உச்சந்தலையில் முடிச்சு. கால் கட்டைவிரல்கள் ஒன்றோடொன்று அழுந்தின.

"காசு ஒண்ணு குடு."

"சில்லறை இல்ல சித்தப்பா. அந்த ஜன்னல்ல ஒரு ரூபா கெடக்கு பாருங்க. அதையே வைங்க."

நெற்றியில் ஈரச் சந்தனம். அதன் மேல் வட்டமாக ஒரு குளிர்.

"ஐஸ் பெட்டி?"

"நாகூருக்குப் போயிருக்காம். நாளைக்கு மதியம் ஆகும்ங்கிறான்."

"அப்ப ராஜன் அன்னிக்குச் சொன்ன மாதிரியே வெச்சுடுவோம். புது ஏசி, நல்லா பிடிக்கும். அவ அம்மாவுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. மயிலாடுதுறையிலேர்ந்து பொறப்புட்டுட்டாங்க. போன்ல ஒரே கத்து. மூக்குல டம்ளர வைங்க, டம்ளர வைங்கன்னு. ஒண்ணும் புரியல."

அம்மா. குந்தவைக்குள் ஏதோ எழுந்து நின்றது. உடம்பு எழவில்லை.

"பெத்தவ, பேதலிச்சுப் போயிருப்பா," என்றார் ரெத்தினம். "வந்து கதவத் தொறங்கன்னுதான் அழுவா. நாலு பொம்பளைங்க கூட இருந்து புடிச்சுக்குங்க. போன தடவ மாதிரிதான். ராஜன் வந்துதான் கதவு."

காலடிகள். கதவு. பூட்டு. கீழே ஈரத்துணி திணிக்கும் சத்தம், தரையோடு தரையாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை. டேப் கிழிபடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. புது ஏசிக்குச் சத்தமில்லை. காற்று மட்டும். முகத்தில். கழுத்தில். கட்டிய விரல்களில்.

கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு இன்னும் கொஞ்ச நேரம். உடம்பு திரும்பி வர வேண்டிய நேரம். வரவில்லை. குளிரில் அதற்கு வழி தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், தலைமாட்டுக்கு நேராக, சத்தம் கேட்டது.

டப்.

அவள் மூச்சு விட்டாள்.

டப்.

கேட்கிறது. வெளியே கேட்கும். மூச்சை வலித்து, முடிந்தவரை இழுத்து, முடிந்தவரை விட்டாள். டப். இன்னும். டப். வாளி நிறைய வேண்டும். ஆளில்லாத அறையில் இத்தனை தண்ணீர் வராது. யாராவது பார்க்க வேண்டும். மெலிய வேண்டிய சொட்டு மெலியவில்லை என்று அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒருத்தி வேண்டும்.

கொல்லைக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம். வந்தது. நின்றது. வாளியருகே நின்றது.

அண்ணி. அண்ணி, பாருங்க.

"இதுக்குள்ள இவ்ளோ தண்ணி," என்றாள் அனுராதா.

கம்பி கைப்பிடி கிறீச்சிட்டது. செருப்பு நகர்ந்தது. சொளசொளவென்று தண்ணீர் மண்ணில் விழுந்தது. மண் அதைக் குடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு செருப்பு திரும்பி வந்தது. வெறும் வாளி பழைய இடத்தில், பைப்புக்குக் கீழே இறங்கிய சத்தம். கொல்லைக் கதவு மூடிக்கொண்டது.

வாசல் பக்கம் தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் அலறும் சத்தம். பல பெண்கள் சேர்ந்து அவளைப் பிடிக்கும் சத்தம்.

நெற்றியில் காசு அசையவில்லை. குந்தவை மூச்சை இழுத்தாள். போன தடவையை விடக் குறைவாகத்தான் வந்தது.

விட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், வெறும் வாளியில், டப்.